மேட்டு நீரும் வீட்டுக் குழாயும்

தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூரிலிருந்து மேற்கே செல்லும் மலைச்சாலை, பதினேழு கொண்டையூசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டை அடைகிறது. தமிழ்நாடும் கேரளமும் சந்திக்கும் எல்லை அது. அப்பால் இடுக்கி மாவட்டம். பூப்பாறை வழியாகச் சாலை மூணாற்றுக்குச் செல்லும். இருபுறமும் ஏலத் தோட்டங்கள். கடல்மட்டத்திலிருந்து நாலாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரமாதலால் குளிர் மிகுதி. வெந்நீர் இன்றிக் குளிப்போர் அரியர்.

இத்தகைய மலையூர்களில் பல வீடுகளுக்கு நீர் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வருவதில்லை. மேலே சரிவில் உள்ள ஊற்றிலோ ஓடையிலோ கறுப்பு நெகிழிக் குழாயின் ஒரு முனையை வைத்து, மறுமுனையை வீட்டுக்கு இழுத்து வருவர். 'ஓஸ்' என்பதே அதற்கு வழங்கும் பெயர். மின்விசையும் வேண்டா, எக்கியும் வேண்டா. நீர் தானே இறங்கி வரும். ஆனால் அவ்வீட்டுக் குளியலறையில் புதிதாக ஷவர் பொருத்தும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ஒரு வீட்டில் ஷவர் துளித்துளியாகச் சொட்டும். அடுத்த வீட்டில் பொருத்திய மறுநாளே இணைப்பு பிய்ந்து நீர் பீறிடும். இரு வீட்டாரும் கடைக்குச் சென்று வேறு ஷவர் வாங்குவர். பிழை பெரும்பாலும் ஷவரில் இருப்பதில்லை. நீர் எவ்வளவு உயரத்திலிருந்து வருகிறது என்பதில் இருக்கிறது.

நீரின் அழுத்தம் அதன் அளவைப் பொறுத்ததன்று, உயரத்தைப் பொறுத்தது. பிரான்சு நாட்டு அறிஞர் பிலேய்ஸ் பாஸ்கல் (1623–1662) இதனை விரிவாக ஆராய்ந்தவர். அழுத்தத்தின் அலகு இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. வீட்டுக் கணக்குக்கு ஒரு விதி போதும்: 10 மீட்டர் உயரமுள்ள நீர், ஏறத்தாழ 1 பார் அழுத்தம் தரும். மாடியில் உள்ளது ஆயிரம் லிட்டர்த் தொட்டியாயினும் ஐந்நூறு லிட்டர்த் தொட்டியாயினும், நீர்மட்டம் ஒன்றாயின் அழுத்தமும் ஒன்றே. பெரிய தொட்டி வாங்கினால் ஷவர் வேகமாக வரும் என்பது வீண் நம்பிக்கை.

ஓட்டின் மேல் வைத்த தொட்டிக்கும் ஷவர் முகத்துக்கும் இடையே 2 மீட்டர் உயரமே இருப்பின், கிடைப்பது 0.2 பார். அகன்ற முகமுடைய 'மழை ஷவர்' இதற்குப் பொருந்தாது; துளைகள் மிகுதியாதலால் நீர் வலுவின்றி ஒழுகும். சிறுமுக ஷவரே ஏற்றது. சமவெளியில் இக்குறையைப் போக்க அழுத்த எக்கி வாங்குகின்றனர். மலைவீட்டாரோ தொட்டியைச் சரிவில் பத்து மீட்டர் மேலே கொண்டு சென்று வைத்தால் போதும்.

மறுபக்கத்தை நோக்குவோம். ஊற்று வீட்டுக்கு 100 மீட்டர் மேலே இருந்து, ஓஸ் நேரே குளியலறைக் குழாயில் இணைக்கப்பட்டால், அழுத்தம் ஏறத்தாழ 10 பார். பல வெந்நீர்க் கலன்களில், அதாவது கீசர்களில், தாங்கும் அளவு 8 பார் என்றே அச்சிட்டிருக்கும். இங்கே ஒரு மயக்கம் நேர்கிறது. குழாயைத் திறந்து பார்ப்பவருக்கு நீர் சாதாரணமாகவே வருவதாகத் தோன்றும். நீண்ட, குறுகிய ஓசில் நீர் ஓடும்போது உராய்வால் அழுத்தத்தின் பெரும்பகுதி வழியிலேயே செலவாகிவிடுகிறது. எல்லாக் குழாய்களையும் மூடியதும் ஓட்டம் நிற்கிறது, உராய்வும் இல்லை. அப்போது முழு அழுத்தமும் வீட்டுக் குழாய்மேல் இறங்குகிறது. இணைப்புகள் நள்ளிரவில் வெடிப்பதன் காரணம் இதுவே.

தீர்வு, இடையில் ஒரு திறந்த தொட்டி. ஓஸ் அத்தொட்டியில் விழுந்து முடிய வேண்டும். அங்கிருந்து தனிக்குழாய் வீட்டுக்கு வர வேண்டும். தொட்டியின் நீர்மட்டத்தில் அழுத்தம் அறுந்துபோகிறது. வீட்டுக்குக் கிடைப்பது தொட்டியின் உயரத்துக்குரிய அழுத்தம் மட்டுமே. மிகுநீர் ஓடைக்கே திரும்பலாம். ஓஸை நேரடியாகக் கீசருடன் இணைப்பது ஒருபோதும் கூடாது. கீசரின் பாதுகாப்பு வால்விலிருந்து நீர் கசிகிறதென்று அதனை அடைத்துவிடுவோரும் உளர். அது உயிருக்கே ஆபத்து. கீசரின் மின்னிணைப்பையும் நில இணைப்பையும் தேர்ந்த மின்பணியாளரே செய்தல் வேண்டும்.

குளிர்நீர் ஓசிலிருந்தும் வெந்நீர் மாடித் தொட்டியிலிருந்தும் வந்தால் மற்றொரு வியப்பு: கலவைக் குழாயைத் திறக்கும்போது குளிர்நீர் மட்டுமே வரும். வலிய நீர், மெலிய நீரை வந்த வழியே பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. இரண்டும் ஒரே தொட்டியிலிருந்து வருவதே முறை. வெந்நீர்க் குழாயாக சிபிவிசி வகையையே பயன்படுத்த வேண்டும். சாதாரண பிவிசி வெப்பத்தில் இளகும்.

திடீரென நீர் நின்றுபோனால் ஓசின் வழித்தடத்தைப் பார்க்க வேண்டும். பாறைமேல் ஏறி இறங்கும் மேட்டில் காற்று தங்கி நீரை மறிக்கும். அம்மேட்டில் இணைப்பைச் சற்றுத் தளர்த்தினால் காற்று வெளியேறும்.

ஷவர் முகம் அடைபடுவதிலும் மலைக்கும் சமவெளிக்கும் வேறுபாடு உண்டு. உப்பு மிகுந்த கிணற்று நீரில் வெண்படிவம் கட்டும். எலுமிச்சைச் சாறு கலந்த நீரில் இரவு முழுதும் ஊறவைத்தால் கரையும். ஓடை நீரிலோ மணலும் இலைத்துகளும் அடைக்கும். அவை எச்சாற்றிலும் கரையா. முகத்தைக் கழற்றி, பின்புறமிருந்து நீர் பாய்ச்சிக் கழுவ வேண்டும். ஊற்றுமுனையில் வலை கட்ட வேண்டும்.

பொருத்தும்போது மரையில் வெள்ளை நாடா சுற்றுவர். மரைமுனை நம்மை நோக்கியிருக்க, வலஞ்சுழியாகச் சுற்றினால் முடுக்கும்போது நாடா இறுகும். இடஞ்சுழியாயின் அவிழ்ந்து கசியும். 'மரை கழன்றவன்' என்னும் பேச்சு வழக்கும் உண்டு. மூடிய பின்னும் நெடுநேரம் சொட்டினால் உள்ளிருக்கும் வாஷர் தேய்ந்துள்ளது எனலாம். நொடிக்கு ஒரு துளி வீதம் நாளுக்கு 86,400 துளிகள். 20 துளி ஒரு மில்லிலிட்டர் எனக் கொண்டால் நான்கு லிட்டருக்கு மேல்.

உயரத்தின் ஆற்றல் இம்மலைகளுக்குப் புதிதன்று. மூணாற்றை அடுத்த பள்ளிவாசலில், மேட்டிலிருந்து குழாய்வழி இறங்கும் நீர் 1940 முதல் மின்சாரம் தந்து வருகிறது; கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் அது.

சொற்பொருள்
எக்கி – நீரை மேலேற்றும் பொறி. மரை – திருகின் புரி. வலஞ்சுழி – வலப்புறமாகச் சுற்றுதல்.

பயிற்சி
1. இணைப்புகள் இரவில் வெடிப்பது ஏன்?
2. ஊற்று வீட்டுக்கு 65 மீட்டர் மேலும், இடைத்தொட்டி 12 மீட்டர் மேலும் உள்ளன. தொட்டி இருக்கும்போதும் இல்லாதபோதும் வீட்டுக்குழாயின் அழுத்தம் எவ்வளவு?
3. 'கரையா', 'உளர்', 'அரியர்' – இச்சொற்களின் திணை, எண் கூறுக.
4. உங்கள் வீட்டுத் தொட்டிக்கும் குளியலறைக் குழாய்க்கும் உள்ள உயரத்தை அளந்து ஐந்து வரிகளில் எழுதுக.