இரண்டடித் தொட்டியில் ஒரு குட்டிக் கடல்

கடல்மீன் தொட்டின்னாலே லட்சத்தில் செலவாகும்னு பலருக்குப் பயம். செலவு உண்டுதான். ஆனா பெரும்பாலான தொட்டிகள் கெட்டுப்போறது பணம் இல்லாம இல்ல, அவசரத்தால். அடிப்படை வேதியியலும் ஒன்றரை மாதப் பொறுமையும் இருந்தா நம்ம வீட்டு ஹாலிலேயே இதைச் செய்யலாம்.

1. அளவு

நீளம் 2 அடி, அகலமும் உயரமும் ஒன்றேகால் அடி. கொள்ளளவு சுமார் 88 லிட்டர். கல், மணல் போக 75 லிட்டர் தண்ணீர் நிற்கும். மொத்த எடை 100 கிலோவைத் தாண்டும். படிக்கிற மேஜை தாங்காது, இரும்பு ஸ்டாண்ட் வேணும். தொட்டி, பம்ப் எல்லாம் கொளத்தூரில் கிடைக்கும்.

2. தண்ணீர்

பெசன்ட் நகர் பக்கம்தானே, ஒரு கேன் மொண்டு வந்தா என்னன்னு தோணும். வேண்டாம். அடையாறு கழிமுகம் அங்கேதான் இருக்கு; நகரத்துக் கழிவும் ஐப்பசி, கார்த்திகை மழைநீரும் கரையோரத்தில் கலக்குது. கல் உப்பும் உதவாது. உப்பளத்தில் கால்சியம் முன்னாடியே ஜிப்சமா படிஞ்சிடும். மக்னீசியம் கடைசியில் வடிச்சு விடும் நீரோட போயிடும். மிஞ்சுறது பெரும்பாலும் சோடியம் குளோரைடு மட்டுமே.

அதனால மீன்தொட்டிக்குன்னே விற்கும் கடல் உப்புக் கலவையை ஆர்.ஓ. தண்ணீரில் கரைங்க. லிட்டருக்கு 35 கிராம் உப்பு இலக்கு. 75 லிட்டரில் 4 லிட்டர் ஆவியானா, அது 37 கிராமா ஏறிடும். உப்பு ஆவியாகாது இல்லையா? குறைஞ்ச அளவுக்கு நல்ல தண்ணீர் மட்டும் ஊத்துங்க.

3. கல் அடுக்குதல்

பவளக் கல் வேண்டவே வேண்டாம். பாறை உருவாக்கும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கு. உயிரோட இருந்தாலும் காய்ஞ்சதா இருந்தாலும் விற்பதும் வாங்குவதும் குற்றம். இது வெறும் சட்டப் பேச்சு இல்ல. 1986-ல் தேசியப் பூங்காவான மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு, கடலுக்குள் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டியெடுத்ததும் அதற்கு ஒரு காரணம்.

துளைகள் உள்ள செயற்கைப் பீங்கான் கல் போதும். மணல் போடும் முன்பே கல்லைக் கண்ணாடித் தரையில் உட்கார வைங்க. இல்லன்னா மீன் மணலைத் தோண்டும்போது சரியும். நடுவில் கோபுரம் கட்டாம, ஒரு பக்கம் உயரமாகவும் மறுபக்கம் தாழ்வாகவும் இரண்டு குவியல். சுத்தம் செய்யக் கண்ணாடியிலிருந்து 2 அங்குல இடைவெளி. நீரோட்டம் புகுந்து வர நிறைய பொந்துகள்.

4. முதலில் பாக்டீரியா

மீன் கழிவு அம்மோனியாவா மாறும். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை நைட்ரேட்டாகவும் மாற்றும். முதல் இரண்டும் விஷம். கடல்நீரின் பி.எச். 8.2 வரை இருப்பதால், நன்னீரைவிட இங்கே அம்மோனியா கடுமை. மீன் இல்லாமலே ஒரு சிட்டிகை மீன் தீவனம் போட்டுத் தொட்டியை ஓட விடுங்க. 4 முதல் 6 வாரம் ஆகும். சோதனை கிட்டில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்ஜியம் காட்டும்வரை மீன் வாங்காதீங்க.

5. சென்னை வெயில்

25–27 டிகிரி நல்லது. மே மாதத்தில் இதுதான் பெரிய சவால். மேலே சின்ன ஃபேன் வெச்சா 2 டிகிரி வரை குறையும், ஆவியாதலும் கூடும். வெயில் படும் ஜன்னலோரம் வேண்டாம். கரண்ட் போனா ஆக்சிஜன் குறையும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒண்ணு கட்டாயம்.

6. மீன்

இந்த அளவுக்கு ஒரு ஜோடி கோமாளி மீன் போதும். கடற்சாமந்தி இல்லாமலே தொட்டியில் நல்லா வாழும். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் மையம் இவற்றைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைக்கும் முறையை உருவாக்கியிருக்கு. அதனால வாங்கும்போது "கடலில் பிடிச்சதா, பண்ணையில் வளர்த்ததா?"ன்னு கேளுங்க. பண்ணை மீன் தீவனத்துக்குப் பழகியிருக்கும், பாறையிலிருந்து ஒரு மீனும் குறையாது. வாரம் 7 லிட்டர் தண்ணீர் மாத்தினா, பத்து வருஷத்துக்கு மேலயும் உங்களோட இருக்கும்.