கரைக்கு யார் பணம் கட்டுவது?

கேள்வி: நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஒரு நடுநிலைப்பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறேன். எட்டாம் வகுப்புக்கு ஏதாவது ஒரு வெளிநாட்டை எடுத்து, அதன் அரசு, புவியியல், பொருளாதாரம் மூன்றையும் சேர்த்து நடத்த ஆசை. கைவசம் ஆறு பாடவேளைகள் இருக்கின்றன. போன வருடம் ஜப்பானை எடுத்தேன். பிள்ளைகள் தலைநகர், நாணயம், ஏற்றுமதிப் பொருள் என்று அழகாகச் சார்ட் எழுதி ஒட்டினார்கள். "அங்கே ஏன் அப்படி?" என்று கேட்டால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எந்த நாட்டை எடுப்பது, எங்கிருந்து தொடங்குவது?

பதில்: 

நம் பாடப்புத்தகமே புவியியல், குடிமையியல், பொருளியல் என்று பிரித்து வைத்திருக்கிறது. பிள்ளைகளும் சார்ட்டில் அப்படியே மூன்று கட்டம் போட்டுவிட்டார்கள். நாட்டைத் தேடுவதற்கு முன் ஒரு கேள்வியைத் தேடுங்கள். மூன்றையும் தொடாமல் பதில் சொல்லவே முடியாத கேள்வியாக அது இருக்க வேண்டும். என்னைக் கேட்டால் நெதர்லாந்தை எடுத்து, "கடலைத் தடுக்கும் கரைக்கு யார் பணம் கட்டுவது?" என்று தொடங்கச் சொல்வேன்.

முதல் நாள் உலக வரைபடம் வேண்டாம். கரும்பலகையில் நிலத்தின் குறுக்குவெட்டை வரையுங்கள்: ஒரு பக்கம் கடல், நடுவில் கரை, மறுபக்கம் கடல் மட்டத்தைவிடத் தாழ்ந்த வயலும் வீடும். பரப்பில் தமிழ்நாட்டின் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத அந்த நாட்டில் சுமார் 1.8 கோடி பேர் வாழ்கிறார்கள். நிலத்தில் ஏறத்தாழ கால் பங்கு கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் விமான நிலையம் இருப்பதே, நீராவி எந்திரங்களால் நீரை இறைத்து 1852-இல் வற்றவைத்த ஓர் ஏரியின் அடித்தரையில்தான். கடைமடையையும் வடிகாலையும் பார்த்து வளர்ந்த உங்கள் பிள்ளைகளுக்கு இந்தப் படம் உடனே பிடிபடும்.

அங்கே கொஞ்சம் நின்று, பெரும்பாலான பாடங்கள் விட்டுவிடும் ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள். அந்த நிலத்தில் ஒரு பகுதி, மட்கிய தாவரங்கள் சேர்ந்து உருவான கரி மண். நீரை வடித்தால் அது காய்ந்து சுருங்கித் தாழ்கிறது. தாழ்ந்தால் இன்னும் அதிகமாக நீரை இறைக்க வேண்டும். இறைத்தால் இன்னும் தாழும். நூற்றுக்கணக்கான ஆண்டுகள் மனிதர்கள் எடுத்த முடிவுகளும் சேர்ந்துதான் அந்த நிலத்தைப் பள்ளமாக்கின. புவியியல் என்பது மலையும் ஆறும் மட்டுமே என்று நினைக்கும் குழந்தைக்கு இது பெரிய திறப்பு.

அடுத்த வகுப்பில் சீட்டுக் குலுக்கி ஆளுக்கு ஒரு நிலம் கொடுங்கள். சிலருக்குக் கரையோரம், சிலருக்கு நடுப்பள்ளம், சிலருக்கு மேடு. கரை ஓர் இடத்தில் பலவீனமாக இருக்கிறது, செப்பனிட நூறு ரூபாய் வேண்டும். யார் எவ்வளவு தருவது? மேட்டில் நிலம் கிடைத்தவன் "எனக்கு எதுக்கு?" என்பான். பள்ளத்தில் இருப்பவள் விடமாட்டாள். நீங்கள் தீர்ப்புச் சொல்லாதீர்கள், அவர்களே வரி விகிதம் ஒன்றை வாக்கெடுத்து முடிவு செய்யட்டும். அந்தச் சண்டை ஓய்ந்த பிறகு நெதர்லாந்துக்காரர்கள் செய்ததைச் சொன்னால் காது கொடுத்துக் கேட்பார்கள். 13-ஆம் நூற்றாண்டிலிருந்தே அங்கே நீர் வாரியங்கள் இருக்கின்றன. இன்று 21 வாரியங்கள். அவற்றுக்குத் தனித் தேர்தல், தனி வரி. விவசாயிகளுக்கும் இயற்கைப் பகுதிகளைப் பராமரிப்பவர்களுக்கும் சில இடங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. தலைவரை மட்டும் அரசு நியமிக்கிறது. எது தேர்தல், எது நியமனம் என்ற வேறுபாட்டை இங்கே சொல்லிவிட்டால் போதும்.

நாடாளுமன்றத்துக்கு ஒரே பாடவேளை ஒதுக்குங்கள். மன்னர் நாட்டின் தலைவர், ஆட்சி நடத்துவது பிரதமரும் அமைச்சர்களும். கீழவையில் 150 இடங்கள். தொகுதிக்கு ஒரு எம்.பி. என்ற முறை இல்லை. நாடு முழுவதும் கட்சிகள் வாங்கிய வாக்கு விகிதப்படி இடங்கள் பகிரப்படும். அதனால் எப்போதும் கூட்டணி ஆட்சிதான். தலைநகர் ஆம்ஸ்டர்டாம், நாடாளுமன்றம் இருப்பது ஹேக் நகரில்.

மிச்ச நேரத்தில் பெரும்பகுதியை ஓஸ்டர்ஸ்கெல்டா என்ற கழிமுகத்தின் கதைக்குக் கொடுங்கள். 1953 ஜனவரி 31 இரவு தொடங்கிய புயல் வெள்ளத்தில் கரைகள் உடைந்து, நெதர்லாந்தில் 1,836 பேர் இறந்தார்கள். தென்மேற்கில் ஜீலாந்து மாகாணத்துக்குத்தான் பேரிழப்பு. கழிமுகங்களை ஒவ்வொன்றாக அணை கட்டி அடைப்பது என்று அரசு முடிவு செய்தது. ஓஸ்டர்ஸ்கெல்டா கழிமுகத்தின் முறை வந்தபோது சிப்பி, மட்டி வளர்ப்பவர்களும் சூழலியலாளர்களும் எதிர்த்தார்கள். உப்புநீர் உள்ளே வந்துபோகாவிட்டால் அவர்களின் தொழிலும் அங்குள்ள உயிர்களும் அழிந்துவிடும். மறுபக்கம், உறவுகளைக் கடலுக்குக் கொடுத்தவர்கள் முழு அணையே வேண்டும் என்றார்கள். 1970-களில் அரசு திட்டத்தை மாற்றியது. சாதாரண நாளில் திறந்திருக்கும், புயல் வந்தால் இறங்கி மூடும் 62 மதகுகளோடு சுமார் 9 கிலோமீட்டர் நீளத் தடுப்பு 1986-இல் திறக்கப்பட்டது. செலவு மிக அதிகம்.

இதை நாடகமாக்குங்கள். சிப்பி வளர்ப்பவர், வெள்ளத்தில் குடும்பத்தை இழந்தவர், பொறியாளர், நிதியமைச்சர் என நான்கு குழுக்கள். யாருடைய வாதமும் முட்டாள்தனமாகத் தோன்றாதபடி ஒவ்வொரு குழுவுக்கும் வேண்டிய தகவலை முன்பே எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஆனால் உங்கள் ஊர் நாகை. 2004 சுனாமி எட்டாத வீடு உங்கள் வகுப்பில் எத்தனை இருக்கும்? அந்தப் பிள்ளைகள் அப்போது பிறந்திருக்கவில்லை. வீட்டுச் சுவரில் மாட்டிய படங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள். குடும்பத்தை இழந்தவர் வேடத்தை யாருக்கும் நீங்களாகக் கொடுக்காதீர்கள், விரும்பிக் கேட்பவர் செய்யட்டும். அலைக்காட்சி வீடியோ எதுவும் போட வேண்டாம்.

பொருளாதாரத்துக்கு வரும்போது துலிப் மலரும் காற்றாலையும் தாமாகவே வந்துவிடும், அவற்றில் நேரம் செலவழிக்க வேண்டாம். ராட்டர்டாமை எடுங்கள். அது ஏன் ஐரோப்பாவின் மிகப்பெரிய துறைமுகம் என்று வரைபடத்தில் ரைன் ஆற்றைப் பின்தொடர்ந்து பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். விரல் ஜெர்மனியின் தொழில் நகரங்களில் போய் நிற்கும். ஆபத்தைக் கொண்டுவரும் அதே கழிமுகம்தான் வியாபாரத்தையும் கொண்டுவருகிறது. பிறகு நாட்டின் வடக்கே உள்ள குரோனிங்கன். 1959-இல் அங்கே கண்டெடுத்த இயற்கை எரிவாயு அரசுக்குப் பெரும் வருமானம் தந்தது. எடுக்க எடுக்க நிலம் அதிரத் தொடங்கியது. 2012-இல் 3.6 அளவில் ஒரு நிலநடுக்கம், வீடுகளில் விரிசல். கடைசியில் 2024-இல் அந்த எரிவாயு வயலைச் சட்டப்படியே மூடிவிட்டார்கள். வருமானம் நாட்டுக்கு, விரிசல் வடக்கே சில ஊர்களுக்கு. உங்கள் டெல்டா பிள்ளைகள் இதற்குச் சொல்லும் கருத்துகளைக் குறித்துவையுங்கள், அடுத்த ஆண்டு உங்களுக்கே உதவும்.

தேர்வுக்கு ஒரே வினா போதும்: "கடல் மட்டம் ஒரு மீட்டர் உயர்ந்தால் நெதர்லாந்தில் எந்த நிலத்துக்கு முதலில் ஆபத்து, யார் முடிவெடுப்பார்கள், பணம் எங்கிருந்து வரும்?" தலைநகர் பெயரைத் தப்பாக எழுதினால் அரை மதிப்பெண் குறையுங்கள். மூன்று கேள்விகளுக்கும் காரணத்தோடு பதில் எழுதியவருக்கு முழு மதிப்பெண் போடத் தயங்காதீர்கள். எழுத வராத பிள்ளை குறுக்குவெட்டுப் படத்தை வரைந்து, பக்கத்தில் நின்று வாயால் விளக்கினாலும் அதே மதிப்பெண்.