கொழுந்து பறித்த கைக்கு வேறு வேலை வராதா?

திருநெல்வேலி மாவட்டத்தில் மணிமுத்தாறு அணையைத் தாண்டி மலையேறினால் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. சிங்கம்பட்டி ஜமீன் 1929-இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்ட காட்டில் பாம்பே பர்மா கம்பெனி போட்ட தேயிலை எஸ்டேட்டுகள். குத்தகை முடிய 2028 வரை காலம் இருந்தும், 2024-இன் நடுவிலேயே கம்பெனி விருப்ப ஓய்வு (வி.ஆர்.எஸ்.) அறிவித்துவிட்டது. தலைமுறைகளாக எஸ்டேட் குடியிருப்பான லயன் வீட்டில் பிறந்து வளர்ந்தவர்கள் வேலையோடு வீட்டையும் இழக்கும் நிலைக்கு வந்தார்கள். இவர்களைப் பற்றிக் கீழே சமவெளியில் பேசப்படும் சில பேச்சுகளைத் திருத்தியே ஆக வேண்டும்.

நம்பிக்கை: “கொழுந்து பறிக்கிறத விட்டா அவங்களுக்கு என்ன வேல தெரியும்?”

வருத்தம் என்னவென்றால், அவர்களில் பலரே இதை நம்புகிறார்கள். இரண்டு இலை, ஒரு மொட்டு என்று பார்த்துக் கிள்ளுவது கண்ணும் கையும் ஒன்றாய்ப் பழகிய வேலை. எந்தச் செடியை எந்த உயரத்தில் கவாத்து செய்தால் மறுபடி துளிர்க்கும் என்பது தோட்டக்கலை அறிவு. தொழிற்சாலைக்குள் இலையை வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, உலர்த்தித் தரம் பிரிக்கிறார்கள். புளிக்கும் நேரம் தவறினால் தூளின் சுவையே மாறிவிடும். இயந்திரம் பழுது பார்த்தவர், கொண்டை ஊசி வளைவுகளில் லாரி ஓட்டியவர், பிள்ளைக் காப்பகத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவர் என்று இன்னும் எத்தனையோ பேர். “நீங்க என்ன வேல பாத்தீங்க?” என்று கேட்டால் “எஸ்டேட் வேல” என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். அதைப் பிரித்து எழுத வைப்பதுதான் முதல் உதவி. படித்துப் பட்டம் வாங்காமல் அனுபவத்தால் கற்ற திறனைச் சோதித்துச் சான்று தரும் ஏற்பாடு மத்திய அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டத்திலேயே இருக்கிறது.

நம்பிக்கை: “வி.ஆர்.எஸ்., ஆட்குறைப்பு ரெண்டும் ஒண்ணுதான்.”

இல்லவே இல்லை. அப்போது நடப்பிலிருந்த 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம், விருப்ப ஓய்வை ஆட்குறைப்புக் கணக்கில் சேர்க்கவில்லை. நூறு பேருக்குக் குறையாத தோட்டத்தில் ஆட்குறைப்பு என்றால் மூன்று மாத முன்னறிவிப்பு, ஆண்டுக்கு 15 நாள் சராசரிக் கூலி இழப்பீடு, பின்னால் ஆள் எடுத்தால் முன்னுரிமை. கையெழுத்துப் போடுமுன் இந்த வேறுபாட்டைத் தொழிலாளிக்கு யாராவது எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். கிராஜுவிட்டி தனி: கடைசி மாதக் கூலியை 26-ஆல் வகுத்து, 15-ஆலும் பணி ஆண்டுகளாலும் பெருக்க வேண்டும். 12,000 ரூபாய் கூலியில் 25 ஆண்டு உழைத்தவருக்கு ஏறத்தாழ 1,73,000 ரூபாய். எந்த ஊரிலும் வீடு கட்ட அது போதாது.

நம்பிக்கை: “பணம் வந்தாச்சுல்லா, கொஞ்ச நாள் சும்மா இருந்தா தெம்பு தானா வரும்.”

ஆஸ்திரியாவில் மரியந்தால் என்ற ஊரின் ஆலை 1930 வாக்கில் மூடப்பட்டபோது, மேரி யஹோடாவும் நண்பர்களும் அங்கே தங்கி ஆராய்ந்தார்கள். நேரம் மலைபோல் கிடந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்தது. தெருவில் ஆண்கள் நடக்கும் வேகமே தளர்ந்திருந்தது. விடிந்ததும் கிளம்பிப் போக ஓர் இடமும், காத்திருக்கும் கூட்டாளிகளும் இல்லாமல் போனால் மனிதருக்கு இப்படித்தான் ஆகிறது. இதில் சோம்பலும் இல்லை, கோழைத்தனமும் இல்லை. அதனால் சம்பளம் குறைவானாலும் வாரம் நாலு நாள் வெளியே போகும் வேலையோ பயிற்சியோ சீக்கிரம் தொடங்குவது நல்லது. திருநெல்வேலிப் பேட்டை அரசு ஐ.டி.ஐ.யிலோ, மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்திலோ போய் விசாரிக்கலாம். ஒற்றையாய்ப் போகாமல் பழைய லயன்காரர்கள் நாலு பேராய்ச் சேர்ந்து போங்கள்.

“அம்பது தாண்டிட்டா கடன் தரமாட்டான்” என்பதும் பொய். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்துக்கு 18 வயது நிறைந்திருந்தால் போதும், மேல் வரம்பு கிடையாது. மாவட்டத் தொழில் மையத்தில் கேட்கலாம்.

ஆனால் ரேஷன் அட்டைக்கு முகவரி இல்லாதவரிடம் தன்னம்பிக்கை வகுப்பு எடுப்பது கொடுமை. வீடு முதலில். அதோடு, பார்த்த வேலை, கையாண்ட இயந்திரம், உழைத்த ஆண்டுகள் மூன்றையும் எழுதிய பணிச்சான்றைக் கம்பெனி முத்திரையோடு கேட்டு வாங்கிவிடுங்கள்.