உணவும் குடலும் நரம்பும்

நுழையும்முன்

உண்ணும் உணவே உடலை வளர்க்கிறது என்பதை அனைவரும் அறிவர். உண்ட உணவின் சத்தைக் குடல் முறையாக ஏற்காவிடில் நரம்பும் தளரும் என்பதைப் பலர் அறியார். உணவு, குடல், நரம்பு ஆகிய மூன்றுக்கும் உள்ள உறவை ஒரு சத்தின் வழியே இப்பாடம் விளக்குகிறது.

புதுச்சேரி நகரின் மேற்கே, வில்லியனூர் செல்லும் சாலையில் உள்ளது மூலக்குளம். அங்கு ஒரு வீட்டில் முதியவர் ஒருவர் வாழ்வதாகக் கொள்ளலாம். நடக்கும்போது அவரது செருப்பு காலிலிருந்து நழுவுகிறது. நழுவியதை அவர் உணர்வதில்லை. முகம் கழுவக் கண்களை மூடினால் உடல் தள்ளாடுகிறது. பாதங்களில் எறும்பு ஊர்வது போன்ற உணர்வு நீங்குவதில்லை. 'வயதாகிவிட்டது' என்று வீட்டார் அமைதியடைகின்றனர். இவ்வறிகுறிகளுக்கு நீரிழிவு முதலிய காரணங்கள் பல உண்டு. அவற்றுள், இரத்தப் பரிசோதனையால் கண்டறியத்தக்கதும் காலத்தே அறிந்தால் தீர்க்கத்தக்கதுமான ஒன்று வைட்டமின் பி12 குறைபாடு.

சிறிய அளவு, பெரிய பணி

ஒருவருக்கு நாள்தோறும் தேவைப்படும் பி12 ஏறத்தாழ 2 மைக்ரோகிராம். அதாவது, ஒரு கிராமைப் பத்து இலட்சம் பங்காக்கினால் அதில் இரு பங்கு. மின்கம்பியைச் சுற்றி உறை இருப்பதுபோல் நரம்பிழையைச் சுற்றி மயலின் என்னும் உறை உள்ளது. அவ்வுறை கெடாதிருக்கப் பி12 வேண்டும். இச்சத்து நெடுங்காலம் குறைந்தால் தண்டுவடமும் கால் நரம்புகளும் பழுதுறும்; நினைவாற்றலும் குன்றும்.

பி12ஐத் தாவரமோ விலங்கோ உருவாக்குவதில்லை, நுண்ணுயிர்களே உருவாக்குகின்றன. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றின் வழியே அது மனிதரை அடைகிறது.

குடலின் நீண்ட வழி

சத்துள்ள உணவை உண்பது மட்டும் போதாது. இரைப்பையின் அமிலம் உணவிலிருந்து பி12ஐப் பிரிக்க வேண்டும். இரைப்பைச் சுவர் சுரக்கும் ஒரு புரதம் அதனோடு இணைய வேண்டும். அவ்விணைப்பு சிறுகுடலின் இறுதிப் பகுதியை அடைந்த பின்னரே சத்து உட்கவரப்படும். இவ்வழியில் எங்குத் தடை நேர்ந்தாலும் நரம்பு வாடும். நீரிழிவுக்கான மெட்ஃபார்மின் மாத்திரையையும் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளையும் பல்லாண்டு உட்கொள்வோருக்கும் இக்குறைபாடு ஏற்படலாம். அதற்காக அவற்றைத் தாமே நிறுத்துதல் தவறு. மருத்துவரைக் கேட்டறிதலே முறை.

வேலூர் கண்ட உண்மை

மூலக்குளத்து முதியவரைப் போன்றோரின் துன்பத்தை விளங்கிக்கொள்ளத் துணைபுரியும் ஆய்வுகள், புதுச்சேரிக்கு வடமேற்கே உள்ள வேலூரில் நிகழ்ந்தன. அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கர், வி.ஐ. மாத்தன் ஆகியோர் வெப்பமண்டல ஸ்ப்ரூ என்னும் குடல்நோயை ஆராய்ந்தனர். நீடித்த வயிற்றுப்போக்கால் உடல் மெலியும் அந்நோயில், உண்ட உணவின் சத்துகளைக் குடல் ஏற்பதில்லை. ஏற்க இயலாத சத்துகளுள் பி12உம் ஒன்று.

மற்றொரு வியப்பும் அங்கு வெளிப்பட்டது. பெருங்குடல் நுண்ணுயிர்கள் பி12ஐ மிகுதியாக உருவாக்குகின்றன. ஆயினும், அதை உட்கவரும் இடம் அதற்கு முன்னரே முடிந்துவிடுவதால் உடலுக்குப் பயன் இல்லை. சிறுகுடலில் வாழும் நுண்ணுயிர்கள் சிலவும் பி12ஐ உருவாக்கவல்லவை என்பதை ஜான் ஆல்பர்ட், மாத்தன், பேக்கர் ஆகியோர் 1980இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். குடல் என்பது வெறும் குழாய் அன்று. நுண்ணுயிர்கள் வாழும் உலகம் என்பதற்கு இது சான்று.

தெரியுமா?

சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவின் ஆய்வுக்குழு, அமெரிக்காவில் 1945இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கியது. பி12 குறைந்தவருக்கு இதை மட்டும் கொடுத்தால் இரத்தசோகை நீங்கும். நரம்பின் கேடோ மறைவாக வளரும். இரத்தம் தேறியதால் நோய் தீர்ந்தது எனக் கருதுவது பெரும்பிழை.

தொடரும் தேடல்

நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோயினர் பலருக்கு, நடுக்கம் தோன்றுவதற்குப் பல்லாண்டுகள் முன்பே மலச்சிக்கல் ஏற்படுகிறது. அந்நோய் குடலில் தொடங்கி நரம்புவழி மூளையை அடையலாம் என்னும் கருத்தை 2003இல் ஹைக்கோ பிராக் என்னும் ஜெர்மானிய அறிஞர் முன்வைத்தார். இக்கருத்து இன்றும் ஆய்வில் உள்ளது. ஆகவே, உணவை மாற்றினால் எந்த நரம்புநோயும் அகலும் என்பாரின் உறுதிமொழி ஏற்கத்தக்கதன்று.

பி12 குறைபாட்டிலோ ஐயமில்லை. ஊசியாலும் மாத்திரையாலும் அதை ஈடுசெய்யலாம். காலம் தாழ்ந்தால் சிதைந்த நரம்பு முழுமையாக மீளாது. திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் நோயைப் பேசப் புகுந்து, உண்ணும் முறையையும் செரிமானத்தையுமே பெரிதும் பேசுகிறது. உண்டதைப் போலவே, உண்டது என்னவாயிற்று என்பதும் நலவாழ்வின் வினா. வீட்டு முதியவரின் செருப்பு நழுவுவதைக் காணும் இளையோர், அதை முதுமை என ஒதுக்காது மருத்துவரிடம் அழைத்துச் செல்வாராயின், அவர் உறுதியாக நடக்கும் நாள்கள் மேலும் பல ஆகலாம்.

கற்பவை கற்றபின்

1. ஒரு வாரம் உங்கள் வீட்டில் உண்ணும் உணவுகளைப் பட்டியலிட்டு, பி12 உள்ளவற்றைக் குறிக்க.
2. 'குடல் நலமே நரம்பு நலம்' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.