கல்லாவை விட்டு எழுந்த பிறகு



அரசு அலுவலகத்தில் வேலை பார்ப்பவருக்கு ஓய்வு பெறும் நாள் முன்கூட்டியே தெரியும். தமிழக அரசு ஊழியருக்கு அது 2021 முதல் 60 வயது. நம் பகுதித் தொழிற்சாலைகளில் வேலை செய்பவருக்கும் கம்பெனி ஒரு வயதை எழுதி வைத்திருக்கிறது. அந்த நாள் வந்ததும் மாலை போட்டு, நாலு வார்த்தை நல்லதாகப் பேசி, வீடு வரை கொண்டுவந்து விடுகிறார்கள். நமக்கு மட்டும் அப்படி ஒரு நாள் கிடையாது. கடையைத் திறந்தால் வேலை, பூட்டினால் ஓய்வு. அவ்வளவுதான்.

தேதி இல்லாத காரணத்தால் நம்மவர்கள் இரண்டில் ஒரு தவறைச் செய்துவிடுகிறோம். கண் மங்கி, கை நடுங்கும் வயதிலும் கல்லாவை விடாமல் உட்கார்ந்திருப்பது ஒன்று. நாற்பத்தைந்து வயது மகன் பத்து ரூபாய்ச் செலவுக்கும் அப்பா முகத்தைப் பார்த்து நிற்கிறான். ஒரே நாளில் சாவியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வீட்டில் வந்து முடங்குவது மற்றொன்று. அப்படி முடங்கியவர் ஆறு மாதத்தில் நோயாளி ஆகிறார். இந்த இரண்டு தவறுகளையும் நாமே ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து பார்த்தவர்கள். ஆகவே இந்தப் பாடத்தை நம் கதையிலிருந்தே தொடங்குகிறோம்.

நாமே படித்த பாடம்

மண்ணூரில் 1985-ஆம் ஆண்டு மளிகை மொத்த வியாபாரம் தொடங்கினோம். அப்போது சுற்றுப்புறத்தில் ஏரிப் பாசன நெல் விவசாயம்தான். கிராமத்துச் சில்லறைக் கடைக்காரர்களே நம் வாடிக்கையாளர்கள். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியது. 2010-இல் ஒரகடத்திலும் கார் தொழிற்சாலை வந்தது. கம்பெனி கேன்டீன், மெஸ், வடமாநிலத் தொழிலாளர் தங்கும் விடுதி என்று வியாபாரம் மாறியது. புழுங்கல் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் ஆட்டா மூட்டையும் கடுகு எண்ணெய் டின்னும் வந்து உட்கார்ந்தன. இந்த மாற்றங்கள் எல்லாவற்றுக்கும் ஈடுகொடுத்தோம் என்பதில் நமக்கு ஒரு கர்வமும் இருந்தது.

64 வயதில், ஒரு சித்திரை முதல் நாள் புதுக்கணக்குப் பூஜையன்று, கடைச் சாவியை மகன் கையில் கொடுத்தோம். மறுநாள் காலை ஆறு மணிக்கு வழக்கம்போல் கடையில் போய் நின்றோம்! மகன் கம்ப்யூட்டர் பில் போடுகிறான். நாம் பக்கத்தில் நின்று வாயால் விலை சொல்கிறோம். ஒரு நாள் பழைய வாடிக்கையாளர் ஒருவர் வந்தார். மகன் சொன்ன துவரம்பருப்பு விலையில் மூட்டைக்கு ஐம்பது ரூபாய் குறைத்துக்கொள்ளச் சொன்னோம். லோடுமேன்கள், கணக்குப்பிள்ளை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மகன் எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. கணக்குப்பிள்ளைதான் மெதுவாகக் கேட்டார்: "ஐயா, இனிமே விலையை யாருகிட்ட கேட்டு எழுதறது?"

சாவி கைமாறியிருந்ததே தவிர, கடை கைமாறவில்லை என்பது அந்தக் கேள்வியில்தான் நமக்குப் புரிந்தது.

ரோஷம் வந்து மறுநாளிலிருந்து வீட்டோடு உட்கார்ந்துவிட்டோம். காலையில் செய்தித்தாள், பிறகு தொலைக்காட்சி, சாப்பாடு, தூக்கம், மறுபடி தொலைக்காட்சி. மூன்றே மாதத்தில் இரத்தச் சர்க்கரை ஏறியது. செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் அடுப்படிக்குள் போய்ப் பருப்பு டப்பாவில் எவ்வளவு இருப்பு என்று கேட்க ஆரம்பித்தோம். வீட்டம்மா ஒரு நாள் சொல்லியேவிட்டார்: "கடையில தினம் நூறு பேரைப் பாத்தீங்க. இங்க என் ஒருத்தி முகத்தையே பாத்துக்கிட்டு எத்தனை நாள் இருப்பீங்க?"

கோபப்பட வேண்டிய பேச்சு அல்ல அது. யோசிக்க வேண்டிய பேச்சு. நாம் இழந்தது அதிகாரத்தை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். உண்மையில் இழந்தவை வேறு. கடை நமக்கு மூன்று பொருள்களைக் கொடுத்து வந்தது: நேரம், கணக்கு, நாலு பேர். கல்லாவை மகனிடம் விட வேண்டியதுதான். இந்த மூன்றையும் விட வேண்டியதில்லை. இதுவே நாம் சொல்ல வந்த பாடம்.

முதலாவது: நேரம்

கடை திறக்க வேண்டும் என்பதற்காக நாற்பது வருடம் விடியலில் எழுந்த உடம்பு, காரணம் இல்லாமல் எழுந்திருக்காது. காரணத்தை நாம்தான் உண்டாக்க வேண்டும். நாம் இப்போது ஐந்தரை மணிக்கு ஏரிக்கரைப் பக்கம் நடக்கிறோம். கூட வர இரண்டு பேர் இருக்கிறார்கள். நாம் வரவில்லை என்றால் வாசலில் வந்து குரல் கொடுப்பார்கள். ஆகவே டிமிக்கி கொடுக்க முடியாது.

உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு செய்ய வேண்டும் என்கிறது. ஐந்து நாள், நாளுக்கு அரை மணி என்று பிரித்துக்கொண்டால் கணக்குச் சரியாகிறது. 65 வயதைத் தாண்டியவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது உடல் வலுவுக்கும், தடுமாறி விழாமல் நிற்பதற்குமான பயிற்சிகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது. நம் தொழிலில் மூட்டை தூக்கியவர் லோடுமேன், உட்கார்ந்தவர் முதலாளி. உட்கார்ந்த கணக்கை இப்போதாவது நேர் செய்ய வேண்டும். சர்க்கரை, இரத்த அழுத்தம், மூட்டு வலி உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு தொடங்குவது நல்லது.

இரண்டாவது: கணக்கு

கணக்குப் பார்க்கும் மூளை சும்மா இருந்தால் வீட்டில் உள்ளவர்களைக் கணக்குப் பார்க்கத் தொடங்கும். அதற்கு வேறு வேலை கொடுக்க வேண்டும்.

நமக்கு அந்த வேலை தானாக வந்தது. கம்பெனி பஸ் நிற்குமிடத்தில் இட்லிக் கடை போட்டிருக்கும் ஓர் அம்மாள், "அண்ணாச்சி, வியாபாரம் நல்லா நடக்குது, கையில மட்டும் காசு நிக்க மாட்டேங்குது, என்னன்னு பாருங்க" என்று கடன் நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பற்று வரவு எழுதிப் பார்த்தோம். வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்ட பையன்களின் பாக்கி மட்டுமே பதினொரு ஆயிரம் ரூபாய்! அரிசி, உளுந்து வாங்கும் பணமும் வீட்டுச் செலவுப் பணமும் ஒரே டப்பாவில் கிடந்தன. இரண்டு டப்பா வைக்கச் சொன்னோம். ஒருவருக்கு ஒரு வாரத்துக்கு மேல் கடன் இல்லை என்று எழுதி மாட்டச் சொன்னோம். நான்கு மாதம் கழித்து அவர் சொந்தப் பணத்தில் கிரைண்டர் வாங்கினார். மொத்த வியாபாரத்தில் லட்சக்கணக்கில் லாபம் பார்த்த ஆண்டுகளில்கூட அப்படி நிம்மதியாக நாம் தூங்கியதில்லை.

இப்போது செவ்வாய், வெள்ளி காலை பத்து முதல் பன்னிரண்டு வரை நம் வீட்டுத் திண்ணையில் சிறு கடைக்காரர்கள் நாலைந்து பேர் நோட்டோடு வருகிறார்கள். காசு வாங்குவதில்லை. ஆனால் நேரத்துக்கு வர வேண்டும், பொய்க்கணக்கு காட்டக் கூடாது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் அல்லவா!

ஜப்பானில் இதை ஊர் ஊராக ஓர் ஏற்பாடாகவே செய்திருக்கிறார்கள். ஓய்வு பெற்ற முதியவர்களுக்கு, அவரவர் வட்டாரத்திலேயே சில மணி நேர வேலைகளைத் தேடிக் கொடுக்கும் மையங்கள் 1970-களின் நடுவில் தோக்கியோவில் தொடங்கி நாடெங்கும் பரவின. தோட்டம் பராமரிப்பது, எழுதிக் கொடுப்பது, சிறு பழுது பார்ப்பது என்று முடிந்த வேலையைச் செய்கிறார்கள். சிறு ஊதியமும் கிடைக்கிறது. நாம் வேண்டப்படுகிறோம் என்ற எண்ணமும் கிடைக்கிறது. நம் சங்கக் கட்டடங்களிலும் வாரம் இரண்டு மணி நேரம் மூத்த வணிகர்கள் உட்கார்ந்து இளையவர்களுக்கு ஆலோசனை சொல்லலாம். நாற்காலியும் மின்விசிறியும் ஏற்கனவே இருக்கின்றன.

மூன்றாவது: நாலு பேர்

அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் 1938-இல் தொடங்கிய ஓர் ஆய்வு பல தலைமுறை ஆராய்ச்சியாளர்களைக் கடந்து நடந்து வருகிறது. முதுமையில் உடலும் மனமும் நன்றாக இருப்பதற்குப் பணத்தையும் புகழையும்விட நல்ல உறவுகள் அதிகம் உதவுகின்றன என்பதே அதன் முக்கியமான முடிவு. நமக்குக் கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் சிநேகிதர்கள் என்ற நினைப்பு இருந்தது. சாவியைக் கொடுத்த பிறகு எத்தனை பேர் தேடி வந்தார்கள் என்று எண்ணிப் பார்த்தோம். ஒரு கை விரல் போதுமாயிருந்தது. வந்தவர்கள் கடையைத் தேடி வந்தவர்கள். அதில் அவர்கள் தவறு ஒன்றுமில்லை. சிநேகிதத்துக்கு நாம்தான் நேரம் ஒதுக்காமல் இருந்திருக்கிறோம். பள்ளித் தோழர், பழைய லாரி டிரைவர், எதிர்க் கடைக்காரர் என்று நாமே தேடிப் போனோம். எதிர்க் கடைக்காரரோடு முப்பது வருடம் விலையில் போட்டி. இப்போது மாலை நேரத்தில் கேரம் போர்டில் போட்டி.

ஊர் பார்க்கும் இன்பம்

கொள்முதலுக்காக விருதுநகருக்கு முப்பது தடவையாவது போயிருப்போம். மண்டியையும் லாரி செட்டையும் தவிர எதையும் பார்த்ததில்லை. போன ஆண்டு வீட்டம்மாவோடு போய் காமராசர் வாழ்ந்த வீட்டைப் பார்த்தோம். நினைவு இல்லமாக வைத்திருக்கிறார்கள். மஞ்சள் வாங்க ஈரோடு போன போதெல்லாம் பார்க்காத பவானி கூடுதுறையையும் பார்த்தோம். "இவ்வளவு நாளா இதையெல்லாம் பாக்காமலா வந்தீங்க?" என்று வீட்டம்மா கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. வணிகர்களே, நீங்கள் சரக்கு வாங்கிய ஊர்களின் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவே உங்கள் சுற்றுலாப் பட்டியல்.

தேக்கம்பட்டிக் கடைக்காரர்

இப்படியெல்லாம் நடக்குமா என்று கேட்பவர்களுக்கு நம் தொழிலைச் சேர்ந்த ஒருவரையே எடுத்துக்காட்டாகச் சொல்கிறோம். கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் அருகே தேக்கம்பட்டியில் வாழ்ந்த பாப்பம்மாள் என்கிற ரங்கம்மாள், இளம் வயதிலேயே பெற்றோரை இழந்து பாட்டியிடம் வளர்ந்தவர். மளிகைக் கடையும் சிற்றுண்டிக் கடையும் நடத்தி, அந்த வருமானத்தில் மிச்சம் பிடித்து நிலம் வாங்கினார். நூறு வயதைத் தாண்டியும் இரண்டரை ஏக்கரில் இயற்கை விவசாயம் பார்த்தார். வேளாண்மைப் பல்கலைக்கழகத்தாரோடு பழகிப் புதியவற்றைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். 2021-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2024 செப்டம்பரில் காலமானார். கடையிலிருந்து வயலுக்கு மாறினாரே தவிர, அவர் வேலையிலிருந்து வீட்டுக்குள் மாறவில்லை.

கையில் பிடி இருக்க வேண்டும்

மனம் மகிழ்ச்சியாக இருக்க மடியில் கனமும் கொஞ்சம் வேண்டும். நமக்கு மாதாமாதம் ஓய்வூதியம் அனுப்ப ஆள் இல்லை. தேசிய ஓய்வூதியத் திட்டம் 2009 முதல் நம்மைப் போன்றவர்களுக்கும் திறந்திருக்கிறது. இளைய வணிகர்கள் இப்போதே சேரலாம். 60 வயதானவர்கள் அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடலாம். 2023 முதல் அதன் வரம்பு 30 லட்சம் ரூபாய்.

சொத்தை மகனுக்கோ மகளுக்கோ எழுதிக் கொடுப்பவர்கள், தம்மைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். அப்படி எழுதியிருந்து, பிறகு கவனிக்காமல் விட்டால், 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 23-ஆம் பிரிவின்படி அந்தப் பத்திரத்தை ரத்துச் செய்யக் கேட்கலாம். இது பிள்ளைகள் மீது சந்தேகம் அல்ல. நாம் யாருக்குச் சரக்கு அனுப்பினாலும் பில் போட்டுத்தானே அனுப்புகிறோம்? தனி உரிமையாளர் கடையானால், ஜி.எஸ்.டி. பதிவு உங்கள் பான் எண்ணோடு சேர்ந்தது; மகன் தன் பெயரில் புதிதாகப் பதிய வேண்டும். ஆடிட்டரைக் கலந்துகொண்டு செய்யுங்கள்.

இந்த மாதப் பயிற்சி

ஒரு நோட்டை எடுத்துக் கீழ்க்கண்டவற்றுக்குப் பதில் எழுதுங்கள்.

1. கல்லாவைக் கைமாற்றும் நாள் எது? வருடம், மாதம் போட்டு எழுதவும். வீட்டாரிடம் அதைச் சொல்லவும்.

2. அதற்கு முன்பு, கொள்முதல், வசூல், பாங்கு என்று எந்த வேலையை எந்த மாதத்தில் விடுவீர்கள்?

3. மறுநாள் காலை பத்து மணிக்கு எங்கே இருப்பீர்கள்? "வீட்டில்" என்பது பதில் ஆகாது.

4. நம்மிடம் சரக்கு வாங்காத சிநேகிதர்கள் எத்தனை பேர்?

நாமும் மகனும் மூன்று விதி வைத்திருக்கிறோம். கல்லாவில் உட்காருவதில்லை, விலை சொல்வதில்லை, கேட்டால் மட்டும் யோசனை சொல்வது. நாம் இருபது வருடம் விற்ற எண்ணெயைப் போன தீபாவளிக்கு மகன் நிறுத்திவிட்டு வேறு எண்ணெய் எடுத்தான். வாய் வரை வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டு திண்ணைக்கு வந்தோம். இன்னும் கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது. அன்று வெள்ளிக்கிழமை. நோட்டோடு நாலு பேர் காத்திருந்தார்கள். மகன் எடுத்த எண்ணெய் நன்றாகவே விற்றது என்பதையும் நேர்மையாக இங்கே எழுதிவைக்கிறோம்.