வெளுத்துப்போன கறுப்பு

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

விடியற்காலை நான்கு மணிக்குச் சந்தைக்குச் சென்று காய்கறி ஏற்றி, ஊர் ஊராக விற்று வருவது என் தந்தையாரின் தொழில். அதற்கென்று பிறர் ஓட்டிய மோட்டார் சைக்கிள் ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கினார். அந்த வண்டி ஓடும் ஓட்டத்தில்தான் நானும் இக்கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கிறேன்.

சென்ற ஆண்டு ஆயுத பூஜைக்கு முதல் நாள் வண்டியைக் கழுவினேன். டேங்க் பளபளத்தது. ஆனால் மட்கார்டு, பக்கவாட்டு மூடிகள், கண்ணாடிகளின் கூடு ஆகிய கறுப்புப் பிளாஸ்டிக் பாகங்கள் எத்தனை முறை தேய்த்தும் சாம்பல் பூத்தாற்போலவே நின்றன. வீட்டிலிருந்த தேங்காயெண்ணெயைத் தாராளமாகப் பூசினேன். என்ன ஆச்சரியம்! கண்ணெதிரே கறுப்புத் திரும்பியது. பூஜையன்று வண்டியைப் பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள்.

மறுநாள் விடியலில் தந்தையார் சந்தைக்குப் புறப்பட்டார். தெருமுனை வளைவில் முன் பிரேக்கைப் பிடித்தபோது அது பிடிக்கவில்லை. பின் பிரேக்கை அழுத்தி, சுவரோரம் உரசி நின்றார். நான் பூசிய எண்ணெய் மட்கார்டிலிருந்து வழிந்து டிஸ்க்கில் இறங்கியிருந்தது. "எண்ணெய் குடிச்ச பேடு இனிமே பிடிக்காது, தம்பி" என்று மெக்கானிக் அண்ணன் மாற்றிவிட்டார். இரண்டு நாள் வருமானம் அதற்கே போயிற்று. தந்தையார் என்னைத் திட்டவில்லை. "படிச்ச பிள்ளை செஞ்சது, சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்" என்று மட்டும் சொன்னார்.

அந்தச் சொல்தான் என்னைப் புத்தகத்திடம் அனுப்பியது. கறுப்பு ஏன் வெளுக்கிறது, எண்ணெய் பட்டதும் ஏன் திரும்புகிறது, திரும்பியது ஏன் நிலைப்பதில்லை என்பவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

பிளாஸ்டிக்கின் பிறப்பு

வண்டிகளில் வண்ணம் பூசாமல் விடப்படும் சொரசொரப்பான கறுப்புப் பாகங்கள் பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன் என்னும் பலபடியால் ஆனவை. சில பாகங்கள் ஏ.பி.எஸ். என்னும் வேறு வகையைச் சேர்ந்தவை. பாகத்தைக் கழற்றி உட்புறம் பார்த்தால் பல வண்டிகளில் 'பி.பி.' என்றோ 'ஏ.பி.எஸ்.' என்றோ ஆங்கில எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். ஜெர்மானியரான கார்ல் சீக்ளர் கண்ட வினையூக்கிகளைக் கொண்டு, இத்தாலியரான ஜூலியோ நட்டா 1954இல் ஒழுங்கான அமைப்புடைய பாலிபுரோப்பிலீனை உருவாக்கினார். இவ்விருவரும் 1963ஆம் ஆண்டுக்குரிய வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

கறுப்பு நிறம் தருவது கார்பன் பிளாக் எனப்படும் மிக நுண்ணிய கரித்தூள். இது பிளாஸ்டிக்கின் உடல் முழுவதும் கலந்திருக்கிறது, மேலே பூசப்பட்டதன்று. ஆகவே சாயம் போய்விட்டது என்று நாம் நினைப்பது தவறு. கரி அங்கேயே இருக்கிறது. கெட்டுப்போனது அதனைத் தாங்கி நிற்கும் மேற்பரப்பே.

வெயில் செய்யும் வேலை

சூரிய ஒளியில் ஏறத்தாழ 290 முதல் 400 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள புறஊதாக் கதிர்கள் தரையை வந்தடைகின்றன. பாலிபுரோப்பிலீன் சங்கிலியில் ஒன்றுவிட்டு ஒரு கார்பன் மூவிணைய கார்பன் ஆகும். அதனுடன் இணைந்த ஹைட்ரஜனின் பிணைப்புச் சற்று வலுக்குறைந்தது. கதிரின் ஆற்றலால் தனி உறுப்புகள் தோன்றி இந்த ஹைட்ரஜனைப் பறிக்கின்றன. அவ்விடத்தில் காற்றின் ஆக்சிஜன் சேர்ந்து ஹைட்ரோபெராக்சைடு உண்டாகிறது. அது சிதைந்து மேலும் தனி உறுப்புகளைத் தருகிறது. இவ்வாறு ஒன்று பலவாகி, நீண்ட சங்கிலிகள் துண்டு துண்டாகின்றன. வெப்பம் ஏறினால் இவ்வினையின் வேகமும் ஏறும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கரித்தூள் புறஊதாக் கதிரை உறிஞ்சி ஓரளவு காக்கிறது. ஒளிக்கு எதிரான நிலைப்பான்களையும் பிளாஸ்டிக்கில் சேர்ப்பதுண்டு. ஆனால் அவை நாளடைவில் தீர்ந்துபோகின்றன. பிறகு மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் விழுகின்றன, பொடியும் பூக்கிறது.

வெடித்த பரப்பு ஏன் வெளுப்பாகத் தெரிய வேண்டும்? கற்கண்டை நினைத்துப் பாருங்கள். கட்டியாக இருக்கையில் ஒளி ஊடுருவுகிறது. அதையே பொடித்தால் வெண்மையாகிறது. பொருள் மாறவில்லை, பரப்புகள் பெருகி ஒளியை எல்லாத் திசையிலும் சிதறடிக்கின்றன. வெடித்த பிளாஸ்டிக்கிலும் நடப்பது இதுவே. சிதறிய வெள்ளொளி கறுப்பின் மேல் கலந்து சாம்பலாகத் தோன்றுகிறது.

எண்ணெய் பட்டதும் கறுப்பது ஏன்?

காற்றின் ஒளிவிலகல் எண் 1.00. பாலிபுரோப்பிலீனுக்கு ஏறத்தாழ 1.49. வேறுபாடு மிகுதியாதலால் வெடிப்புகளில் ஒளி மிகுதியாகச் சிதறுகிறது. எண்ணெயின் எண் 1.45க்கு மேல் இருப்பதால் அது வெடிப்பில் நிறைந்ததும் வேறுபாடு மறைகிறது, சிதறலும் குறைகிறது. மழை பட்ட மண் கறுத்துத் தெரிவதும் இம்முறையில்தான். வெளுத்த பாகத்தில் சிறிது தண்ணீர் தெளித்துப் பாருங்கள். ஈரம் இருக்கும்வரை கறுப்பு. உலர்ந்ததும் மீண்டும் சாம்பல்.

ஆக, எண்ணெய் பிளாஸ்டிக்கைக் குணப்படுத்துவதில்லை, காயத்தை மறைக்கிறது. நான் ஏமாந்தது இவ்விடத்தில்தான்.

எந்த எண்ணெய் நிலைக்கும்?

கரிம வேதியியல் பாடத்தில் அயோடின் எண்ணைப் படித்திருக்கிறோம். எண்ணெயில் உள்ள இரட்டைப் பிணைப்புகளின் அளவை அது காட்டுகிறது. தேங்காயெண்ணெய்க்கு அது சுமார் 6 முதல் 11 வரையே. ஆகவே அது காற்றில் உலர்ந்து இறுகாது. பிசுபிசுத்துப் புழுதியைப் பிடிக்கும், வழியும், மழையில் போகும். ஆளிவிதை எண்ணெய்க்கோ சுமார் 170 முதல் 200 வரை. அது ஆக்சிஜனை ஏற்றுத் தானே பலபடியாகி மெல்லிய படலமாக இறுகும். பெயிண்ட் கடைகளில் 'லின்சீடு ஆயில்' என்று கேட்டால் கிடைக்கும். காய்ச்சிய வகை விரைவில் உலரும்.

மெக்கானிக் அண்ணனிடம் உடைந்த பக்கவாட்டு மூடி ஒன்றைக் கேட்டு வாங்கி, மூன்று பகுதியாகப் பிரித்து மொட்டைமாடியில் வைத்தேன். ஒரு பகுதியை அப்படியே விட்டேன். ஒன்றில் தேங்காயெண்ணெய், ஒன்றில் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய். தேங்காயெண்ணெய்ப் பகுதி பத்து நாளில் புழுதி படிந்து வெளுத்தது. ஆளிவிதை எண்ணெய்ப் பகுதி மூன்று மாதம் கழித்தும் பெரும்பாலும் கறுப்பாகவே இருந்தது.

செய்முறை

1. பாகத்தைக் கட்டாயம் கழற்றிக்கொள்ள வேண்டும். கழற்ற முடியாதெனில் டிஸ்க், டயர், கைப்பிடி, கால்மிதி ஆகியவற்றை மூடிவிட வேண்டும்.

2. சோப்பு நீரும் மென்மையான தூரிகையும் கொண்டு, பூத்த பொடி முழுதும் போகத் தேய்த்து, நன்றாக உலர்த்த வேண்டும். உப்புத்தாள் போட்டால் சொரசொரப்பான வடிவம் அழிந்துவிடும். பெட்ரோலும் தின்னரும் ஏ.பி.எஸ். பாகங்களைக் கெடுக்கும்.

3. துணியில் சில துளி எண்ணெய் மட்டும் எடுத்து மெல்லியதாகத் தடவி, கால்மணி நேரம் கழித்து மிகுதியை முழுவதும் துடைத்துவிட வேண்டும். இரண்டு நாள் நிழலில் உலரட்டும்.

4. எண்ணெய் பட்ட துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. ஆக்சிஜன் ஏற்கும்போது வெப்பம் வெளிப்படும். சுருட்டிய துணியில் அது வெளியேற வழியின்றித் தானே தீப்பற்றக்கூடும். துணியைத் திறந்த வெளியில் விரித்து உலர்த்துக. அல்லது நீரில் மூழ்க வைத்திடுக.

பட்டறைகளில் சூடான காற்றை ஊதும் துப்பாக்கியால் கறுப்பை மீட்பதும் உண்டு. பாலிபுரோப்பிலீன் ஏறத்தாழ 160 டிகிரி செல்சியசில் உருகும். மேற்பரப்பு மட்டும் இளகி வெடிப்புகள் மூடிக்கொள்கின்றன. ஆனால் ஓரிடத்தில் சிறிது நின்றாலும் பாகம் வளைந்துவிடும். தீர்ந்துபோன நிலைப்பானும் இதனால் திரும்பாது. வெயிலில் நின்றால் மீண்டும் வெளுக்கும்.

ஷூ பாலிஷ் கால்சட்டையில் ஒட்டும். சாதாரணப் பெயிண்டோ, முனைவற்ற பாலிபுரோப்பிலீனில் பற்றாமல் உரிந்துவிடும். அதற்கென உள்ள முதற்பூச்சை முதலில் அடிக்க வேண்டும்.

முடிவாக

எல்லா மருந்திலும் மேலானது நிழல். சந்தையில் வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்துவதும், வீட்டில் ஒரு பழைய துணியால் மூடுவதும் செலவில்லாதவை. கெட்டபின் செய்யும் வைத்தியத்தைக் காட்டிலும் பயன் மிக்கவை.

இவ்வாண்டு பொங்கலுக்கு முன் பாகங்களைக் கழற்றி, மேற்கண்ட முறைப்படி செய்து மாட்டினேன். தந்தையார் வண்டியை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு தெருமுனை வரை ஓட்டிச் சென்று, முன் பிரேக்கைப் பிடித்துப் பார்த்துத் திரும்பினார். அவர் அப்படிச் சோதித்தது எனக்கு வருத்தம் தரவில்லை, மகிழ்ச்சியே தந்தது. படித்தவன் செய்தது என்பதற்காக எதுவும் சரியாகிவிடாது. சோதித்துப் பார்த்தபின்தான் சரியாகும். ஆய்வுக்கூடத்தில் நம் ஆசிரியர்கள் நாள்தோறும் சொல்வதும் இதுதானே, நண்பர்களே!