பேசாமல் விடப்படும் ஒரு நோய்: சூலக நீர்க்கட்டியும் உடலின் சர்க்கரையும்

மாதவிடாய் தவறுவது எமது வீடுகளில் மெல்லிய குரலில் பேசப்படும் விடயம். தாயும் மகளும் பேசிக்கொள்வர். தகப்பன் காதில் விழாதது போல் இருந்துவிடுவார். இடம்பெயர்ந்து வாழும் குடும்பங்களில் அதைப் பேசுவதற்கு ஒரு மறைவிடம் கூடக் கிடைப்பதில்லை. "அலைச்சலால் வந்தது, நிலைமை சீரானால் சரிவரும்" என்ற ஆறுதலோடு மாதங்கள் கழிந்து போகின்றன. சில வேளைகளில் அந்த ஆறுதல் சரியானதே. வேறு சில வேளைகளில், அந்தத் தவறிய மாதங்கள் பல ஆண்டுகளுக்குப் பின்னர் வரக்கூடிய நீரிழிவின் முதல் அறிவித்தலாக இருக்கின்றன. இப்பாடம் அந்த இரண்டாவது நிலையைப் பற்றியது. பெண்கள் மட்டுமல்ல, கணவன்மாரும் தகப்பன்மாரும் மாமிமாரும் சேர்ந்து வாசிக்க வேண்டியது.

1. நோயை இனங்காணல்

சிகாகோ நகரைச் சேர்ந்த ஸ்டைன், லெவென்தால் என்னும் இரு வைத்தியர்கள் 1935ஆம் ஆண்டில் ஏழு பெண்களைப் பற்றி எழுதினர். அவர்களின் மாதவிடாய் தவறியிருந்தது; சூலகங்கள் பருத்து, சிறு நீர்ப்பைகள் நிறைந்திருந்தன. அதிலிருந்தே இந்நோய்க்குச் சூலக நீர்க்கட்டி நோய் என்ற பெயர் நிலைத்தது. வைத்தியர்கள் சுருக்கமாக 'பி.சி.ஓ.எஸ்.' என எழுதுவர்.

'கட்டி' என்ற சொல் பலரைப் பயப்படுத்துகின்றது. இது புற்றுநோய்க் கட்டி அல்ல. வெட்டி எடுக்க வேண்டியதும் அல்ல. ஒவ்வொரு மாதமும் ஒரு முட்டை முதிர்ந்து வெளிவர வேண்டும். இந்நோயில் முட்டையைக் கொண்ட சிறு பைகள் பாதி வளர்ச்சியில் நின்றுவிடுகின்றன. குடலைப் பருவத்தில் நின்று, கதிர் தள்ளாத நெற்பயிரை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்கான் படத்தில் தெரிபவை அவ்வாறு நின்றுபோன பைகளே.

2003இல் ரொட்டர்டாமில் கூடிய நிபுணர்கள் மூன்று அடையாளங்களை வகுத்தனர். அவற்றில் இரண்டு இருந்து, வேறு நோய் இல்லையெனக் கண்டால், அது இந்நோய் எனக் கொள்ளப்படும்:

அ) மாதவிடாய் நீண்ட இடைவெளியில் வருதல் அல்லது வராது விடுதல்.
ஆ) ஆண்களுக்குரிய ஓமோன் கூடியிருத்தல். இது மேலுதடு, நாடி, மார்பு, வயிறு ஆகிய இடங்களில் முரட்டு முடியாகவும், நீங்காத முகப்பருவாகவும், உச்சந்தலையில் முடி ஐதாவதாகவும் தெரியும். இரத்தப் பரிசோதனையிலும் அறியலாம்.
இ) ஸ்கான் படத்தில் சூலகத்தில் பல சிறு பைகள் காணப்படுதல்.

பருவமடைந்த முதலிரு ஆண்டுகளில் மாதவிடாய் முன்பின்னாக வருவது பெரும்பாலும் இயல்பு. இளம் பிள்ளைகளின் சூலகத்தில் பல பைகள் தெரிவதும் இயல்பே. ஆகவே ஸ்கான் படத்தை மட்டும் வைத்து ஒரு பிள்ளைக்கு இந்தப் பெயரைச் சூட்டக்கூடாது.

இது அரிதான நோயல்ல. கம்பகா மாவட்டத்தில் 15 முதல் 39 வயது வரையான பெண்களிடம் நடத்தி 2008இல் வெளியான ஆய்வில், நூற்றுக்கு ஆறு பேருக்கு இது இருந்தது. அவர்களிற் பலர் தமக்கு ஒரு நோய் உண்டென்றே அறியாதவர்கள்.

2. இன்சுலின் செய்யும் வேலை

நாம் உண்ணும் சோறும் பிட்டும் பாணும் வயிற்றில் குளுக்கோசு என்னும் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன. அந்தச் சர்க்கரை தசைகளுக்குள் சென்றால்தான் உடலுக்குப் பலன். தசையின் வாசலில் ஒரு படலை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதைத் திறப்பது இன்சுலின். வயிற்றில் இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் சதையி என்னும் உறுப்பு அதைச் சுரக்கின்றது. ஈரலில் சர்க்கரையைச் சேமிப்பதும் உடலில் கொழுப்பைச் சேமிப்பதும் இன்சுலினின் கட்டளைப்படியே நடக்கின்றன.

3. படலை இறுகும்போது

சூலக நீர்க்கட்டி நோயுள்ள பெண்களில் பெரும்பாலானோருக்கு இந்தப் படலை இறுகியிருக்கின்றது. வழமையான அளவு இன்சுலின் வந்து தட்டினால் திறப்பதில்லை. சதையி என்ன செய்யும்? இரண்டு மடங்கு, மூன்று மடங்கு இன்சுலினைச் சுரந்து, தள்ளித் திறக்கச் செய்யும். சர்க்கரை உள்ளே போய்விடும். ஆகவே இரத்தத்தில் சர்க்கரையைப் பார்த்தால் பல ஆண்டுகளுக்கு அளவு சரியாகவே இருக்கும். "சீனி இல்லை" என்று வீட்டுக்கு வந்துவிடுவோம். சதையி இரவு பகலாக மேலதிக வேலை செய்வது எவருக்கும் தெரியாது.

ஆனால் சூலகத்துக்குத் தெரியும். தசை இன்சுலினுக்குச் செவி கொடாவிட்டாலும் சூலகம் செவி கொடுக்கின்றது. அயல் வீட்டுப் படலையில் போடும் கூச்சலால் எமது வீட்டுக் குழந்தை எழும்புவது போல, மிகையான இன்சுலின் சூலகத்தைத் தூண்டி ஆண் ஓமோனைக் கூடுதலாகச் சுரக்க வைக்கின்றது. மேலும், இரத்தத்தில் ஆண் ஓமோனைக் கட்டி வைத்திருக்கும் ஒரு புரதத்தை ஈரல் உண்டாக்குகின்றது. இன்சுலின் கூடினால் அந்தப் புரதம் குறையும். அவிழ்த்துவிட்ட மாடு பயிருக்குள் புகுவது போல, கட்டவிழ்ந்த ஆண் ஓமோன் தன் வேலையைக் காட்டும். முட்டைப் பைகள் வளராது நிற்கும், மாதவிடாய் தவறும், முகத்தில் முடி முளைக்கும்.

இத்துடன் முடிவதில்லை. ஆண் ஓமோன் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பைச் சேர்க்க உதவுகின்றது. வயிற்றுக் கொழுப்பு படலையை மேலும் இறுக்குகின்றது. சதையி இன்னும் கூடுதலாகச் சுரக்கின்றது. இந்தச் சுழலை எங்காவது ஓரிடத்தில் நாம் மறிக்க வேண்டும்.

இன்சுலினும் ஆண் ஓமோனும் சேர்ந்தே உயர்வதை 1980இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். மெலிந்த பெண்களிடமும் இந்த இறுக்கம் உண்டென்பது 1989இல் வெளியான ஆய்வில் தெளிவாயிற்று. ஆகவே "அவள் மெல்லிய பிள்ளை, அவளுக்கு இது வராது" என்பது தவறு. 2002இல் இங்கிலாந்தில் தென்னாசியப் பெண்களையும் வெள்ளையரையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, தென்னாசியப் பெண்களிடம் இந்நோய் இளவயதிலேயே வெளிப்பட்டதும், இன்சுலின் கூடுதலாக இருந்ததும் தெரியவந்தது. எமது பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்ரிமீற்றரை எட்டினாலே கவனம் வேண்டும்.

கழுத்தின் பின்புறமும் அக்குளும் கறுத்து, வெல்வெற்றுத் துணி போலத் தடித்திருந்தால், அது மிகையான இன்சுலினின் அடையாளமாக இருக்கலாம். அது அழுக்கு அல்ல. பிள்ளையை ஏசித் தேய்க்க வைத்துப் பயனில்லை.

4. கவனியாது விட்டால்

சதையி என்றோ ஒருநாள் களைத்துவிடும். அப்போது நீரிழிவு வெளிப்படும். கர்ப்ப காலத்திலும் நீரிழிவு வரும் வாய்ப்பு இவர்களுக்கு அதிகம். இரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, ஈரலில் கொழுப்புப் படிதல் ஆகியனவும் தொடரலாம். மாதக்கணக்கில் மாதவிடாய் வராதிருந்தால் கருப்பையின் உட்படலம் தடித்துக்கொண்டே போகும்; அது நீண்ட காலத்தில் புற்றுநோய்க்கும் இடமளிக்கலாம். ஆகவே 90 நாட்களுக்கு மேல் மாதவிடாய் வராவிட்டால் வைத்தியரிடம் செல்ல வேண்டும். மனச்சோர்வும் இந்நோயுடன் கூடவே வருவதுண்டு; அதையும் சொல்லி உதவி பெறலாம்.

5. இடம்பெயர்ந்த வாழ்வில்

தவறிய மாதவிடாய் அனைத்தும் இந்நோய் அல்ல. கர்ப்பமாக இருக்கலாம். போதிய உணவின்றி உடல் மெலிந்திருக்கலாம். பயமும் துக்கமும் மாதவிடாயை நிறுத்துவதுண்டு. தைரொயிட் நோயும் காரணமாகலாம். பட்டினியால் மாதவிடாய் நின்ற பெண்ணுக்குத் தேவை கூடுதல் உணவு. அவளிடம் உணவைக் குறைக்கச் சொல்வது கேடு. ஆகவே நாமே தீர்ப்பிடாமல் பரிசோதிக்க வேண்டும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நாற்று நட்டு, களை பிடுங்கி, நெல் குற்றி, தண்ணீர் சுமந்த உடல், நிலத்தை விட்டு வந்தபின் சும்மா இருக்கப் பழகுகின்றது. வேலை குறைந்தும் சோற்றின் அளவு குறையவில்லை. தோட்டத்துக் கீரையும் மரக்கறியும் போய், நிவாரண அரிசியும் கோதுமை மாவும் சீனியும் வந்தன. வேலை செய்யும் தசை, இன்சுலின் குறைவாக இருந்தாலும் தானே சர்க்கரையை உள்ளிழுத்துக்கொள்ளும் தன்மையுடையது. நிலத்தோடு சேர்த்து அந்த மருந்தையும் நாம் இழந்திருக்கின்றோம்.

6. நாம் செய்யக்கூடியவை

உணவு: பட்டினி கிடப்பது மருந்தல்ல. கோப்பையில் பாதி கீரையும் மரக்கறியும், கால்பங்கு பருப்பு, பயறு, கௌபி, மீன் அல்லது முட்டை, மீதிக் கால்பங்கு சோறு என அமைத்துக்கொள்ளுங்கள். கிடைத்தால் தவிடு நீக்காத அரிசி நல்லது. நாளுக்கு ஐந்து தேநீரில் இரண்டு தேக்கரண்டி வீதம் சீனி போட்டால் ஏறத்தாழ 40 கிராம். மாதத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல். முதலில் அதைக் குறையுங்கள். பனங்கட்டியும் சர்க்கரையே, அளவோடு கொள்ளுங்கள். குடியிருக்கும் இடத்தில் நிலமில்லாவிட்டாலும் சாக்கிலும் பழைய வாளியிலும் பொன்னாங்காணி, வல்லாரை வளர்க்கலாம். வேலியில் முருங்கைத் தடி நாட்டலாம்.

உழைப்பு: கிழமைக்கு 150 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி நடக்க வேண்டும், அதாவது ஐந்து நாட்கள், அரை மணி நேரம். சாப்பிட்டபின் நடப்பது நல்லது. தனியே செல்லப் பயமெனில் பெண்கள் நான்கைந்து பேராகச் செல்லுங்கள். மண்வெட்டி வேலையும் சிறந்த பயிற்சியே. உடல் பருத்தவர் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு எடை குறைத்தாலே பலருக்கு மாதவிடாய் சீராகின்றது. 70 கிலோ எடையுள்ளவருக்கு அது மூன்றரை முதல் ஏழு கிலோ மட்டுமே.

பரிசோதனை: வெறுவயிற்றுச் சர்க்கரை மட்டும் பார்த்தால் போதாது. 75 கிராம் குளுக்கோசு கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரத்தின் பின் பார்க்கும் பரிசோதனையைக் கேளுங்கள். அது 140க்குக் குறைவாக இருக்க வேண்டும். 140 முதல் 199 வரை எச்சரிக்கை. 200 அல்லது அதற்கு மேல் நீரிழிவு. ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை இதைத் திரும்பவும் செய்ய வேண்டும். கர்ப்பமுற்றால் முதலாவது கிளினிக்கிலேயே இந்நோயைக் குறிப்பிடுங்கள்.

மருந்து: மெற்போமின் என்னும் நீரிழிவுக் குளிசை இறுகிய படலையை இளக்க உதவுவதால் இந்நோய்க்கும் கொடுக்கப்படுகின்றது. மாதவிடாயைச் சீராக்க ஓமோன் குளிசைகளும், குழந்தை வேண்டுவோருக்கு முட்டையை முதிரச் செய்யும் லெற்றோசோல் போன்ற குளிசைகளும் உண்டு. எவருக்கு எது என்பதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். அயலாரின் குளிசையை வாங்கிப் போடாதீர்கள். வழி தெரியாவிட்டால் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

பழிச்சொல்: இந்நோயுள்ள பெண்கள் பலர் தாயாகின்றனர், சிலர் எவ்வித சிகிச்சையும் இன்றியே. பிள்ளை தாமதித்தால் கணவனும் பரிசோதிக்கப்பட வேண்டும். ஓமோனின் குழப்பத்துக்குப் பெண்ணைக் குற்றவாளியாக்கி, நல்ல காரியங்களில் ஒதுக்கி வைப்பது அநீதி. அந்தப் பழிக்குப் பயந்தே பலர் நோயை மறைக்கின்றனர்; மறைப்பதால் நீரிழிவு முந்திக்கொள்கின்றது.

குழுவில் கலந்துரையாட

1. இடம்பெயர முன்னர் எமது பெண்கள் செய்த உடல் வேலைகள் எவை? இன்று அவற்றில் எஞ்சியிருப்பவை எவை?
2. எமது வீட்டில் ஒரு மாதத்துக்குச் செலவாகும் சீனி எவ்வளவு? அடுத்த மாதம் எவ்வளவு குறைக்கலாம்?
3. மகள் தன் உடல்நிலையைப் பற்றிப் பயமின்றிப் பேச, வீட்டில் எவர் மாற வேண்டும்?
4. அடுத்த கூட்டத்துக்குக் குடும்பநல உத்தியோகத்தரை அழைக்கும் பொறுப்பை யார் ஏற்பது? பெண்கள் தனியாக அவருடன் பேச எந்த இடத்தை ஒழுங்கு செய்யலாம்?